அதே ஒழுங்கையில் இருந்துகொண்டு உதவ முடியுமா?

கேள்வி:

வணக்கம் அக்கா. எனக்கு 34 வயது. திருகோணமலை நகரத்தை அண்டிய கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். படகு என்ஜின் திருத்தும் வேலை. இருபது வயதில் தூளுக்கு (ஹெரோயினுக்கு) பழகி, பத்து வருடம் அதிலேயே கிடந்தேன். விட்டு நாலு வருடமாகிறது. இப்போது ஒரு தொண்டு நிறுவனம், போதையிலிருந்து மீள்பவர்களுக்கு உதவும் 'சக ஆதரவாளர்' வேலைக்கு என்னைக் கேட்கிறது. "உங்கள் அனுபவமே போதும்" என்கிறார்கள். போக்குவரத்துச் செலவு மட்டும் தருவார்களாம். பாடசாலைகளுக்குப் போய் என் கதையைச் சொல்லவும் வேண்டுமாம். எனக்கு விருப்பம்தான். என்னைப்போல் கிடப்பவர்களைப் பார்த்தால் மனம் பொறுக்கவில்லை. ஆனால் மனைவி, "திரும்பவும் அந்த ஆக்களோட போய் நிக்கப் போறீங்களா?" என்று அழுகிறாள். தங்கைக்குக் கலியாணம் பேசுகிறோம். பழைய கதை வெளியே வந்தால் குழம்பிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். இதற்குள் பழைய கூட்டாளி ஒருவன் விஷயத்தைக் கேள்விப்பட்டு, இரவில் வீட்டு வாசலுக்கு வருகிறான். ஒருநாள் உதவி கேட்கிறான், இன்னொருநாள் காசு கேட்கிறான். நான் என்ன செய்வது?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள தம்பி,

வேலையை எடுங்கள். ஆனால் அவர்கள் கேட்கிற மாதிரியே எடுத்துவிடாதீர்கள். சில விஷயங்களைக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகு எடுங்கள். அதுவரை "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லி வையுங்கள். நாலு வருடம் விட்டிருக்கிற, ஊரறிந்த ஆள் அவர்களுக்கும் லேசில் கிடைக்காது. காத்திருப்பார்கள்.

உங்கள் மனைவியின் கேள்வியை முதலில் எடுக்கிறேன். நிறுவனம் கேட்க மறந்ததை அவர் கேட்டிருக்கிறார். அந்த ஆட்களோடு போய் நிற்பதுதான் இந்த வேலை. அதை மறைத்து அவரைச் சமாதானப்படுத்த வேண்டாம். வைத்தியர் வார்டில் பார்ப்பார், என்னைப் போன்ற உளவளத்துணையாளர்கள் அறைக்குள் கதிரை போட்டுக் கதைப்போம். அந்த மனிதர் வாழ்கிற ஒழுங்கைக்குள் வந்து நிற்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். உங்களால் ஆகப்போகும் நன்மை முழுவதும் இந்த நெருக்கத்திலிருந்து வருகிறது. உங்களுக்கு வரக்கூடிய கெடுதியும் அதே நெருக்கத்திலிருந்துதான் வரும். நான் கீழே சொல்லும் எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

நன்மையை முதலில் சொல்கிறேன். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை நீண்ட காலமாக நடத்திவரும் வதிவிடச் சிகிச்சை நிலையங்கள் தலங்கம, நிட்டம்புவ, கண்டி, காலி ஆகிய இடங்களில் இருக்கின்றன. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ ஒரு பையன் அங்கே போனால், தனக்குச் சரியாக வராத மொழிக்கு நடுவே இருந்துவிட்டுத் திரும்புகிறான். வந்து இறங்குவது அதே பஸ் நிலையத்தில், நடந்து போவது அதே வீதியால். விற்றவனின் நம்பர் மனப்பாடமாக இருக்கிறது. ஊருக்குள் அவனை எல்லோரும் குடுக்காரன் என்றே பார்க்கிறார்கள். கிளினிக்கில் அவனோடு கதைக்க எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதற்குப் பிறகு வருகிற நாட்களில்தான் பலர் திரும்ப விழுகிறார்கள், அந்த நாட்களில் பக்கத்தில் ஒருவரும் இருப்பதில்லை.

அங்கேதான் உங்கள் வேலை. கிளினிக் நாளில் காலையில் போன் எடுத்து எழுப்பி, மாவட்டப் பொது வைத்தியசாலை வரிசையில் கூட இருப்பது. தெரிந்த முகம் ஒன்றைக் கண்டு வெட்கத்தில் எழும்பிப் போகப் பார்ப்பவரை, இன்னும் பத்து நிமிடம் இருக்க வைப்பது. தொலைந்துபோன அடையாள அட்டைக்கு கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூட அலைவது. பார்வைக்கு இவை சின்ன வேலைகள். ஆனால் ஒருவர் ஒரு கிழமை தாக்குப்பிடிப்பது இவற்றால்தான்.

உங்களுக்குத் தெரிந்தது புத்தகம் படித்த எனக்குத் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். வாடைக்காற்றுக் காலத்தில், கார்த்திகை மார்கழியில், கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் ஏறிக் கிடக்கும்போது ஒரு தொழிலாளிக்கு நாள் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். தொழில் இல்லை, காசு இல்லை, வாடிக்குள் சும்மா இருக்க வேண்டும். அந்தக் கிழமைகளில் யார் வீட்டுப் பக்கம் போய் எட்டிப்பார்க்க வேண்டும் என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் நிற்கும் பையன்களுக்கு ஆபத்து மறுபக்கமாக வரும். சுற்றுலாப் பயணிகள் வரும் வைகாசி, ஆனி மாதங்களில் கையில் காசு புழங்கும்போதுதான் அவர்கள் தடுமாறுவார்கள். இந்தக் கணக்கு எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் இல்லை.

ஆனாலும் "அனுபவமே போதும்" என்று அவர்கள் சொன்னது பிழை. போதையிலிருந்து மீண்டவர் இன்னொருவருக்குத் துணை நிற்பது என்பது பழைய விஷயம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில், குடியோடு போராடிய ஒரு பங்குத் தரகரும் ஒரு அறுவைச் சிகிச்சை வைத்தியரும் சந்தித்து ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்ததிலிருந்துதான் அநாமதேயக் குடியர் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கம் பலன் தருகிறதா என்பதை 27 ஆய்வுகளை வைத்துப் பார்த்த ஒரு பெரிய மீளாய்வு 2020இல் வந்தது. சங்கத்தோடு ஒழுங்காகச் சேர்த்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற சிகிச்சைகளை விடச் சில வேளைகளில் மேலாகவே நின்றது. ஆனால் சங்கத்தில் ஒருவருக்கொருவர் துணை நிற்பது வேறு, சம்பளத்துக்குச் செய்யும் வேலை வேறு. அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலம் 1999இல் சக ஆதரவை அரச மருத்துவக் காப்புறுதி பணம் கொடுக்கும் சேவையாக்கியது. 2007இல் மத்திய அரசு மற்ற மாநிலங்களுக்கும் வழிகாட்டி எழுதியபோது மூன்று நிபந்தனை போட்டது: தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை, மற்றச் சிகிச்சைகளோடு இணைந்த திட்டம், பயிற்சியும் சான்றிதழும். இந்த மூன்றில் ஒன்றையாவது உங்களைக் கேட்ட நிறுவனம் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை.

மேற்பார்வையைத்தான் நான் மற்ற எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கிழமைக்கு ஒருதரம், குறித்த நேரத்தில், உளவளத்துணையில் பயிற்சி பெற்ற ஒருவரோடு நீங்கள் இருந்து கதைக்க வேண்டும். யாரைப் பார்த்தீர்கள் என்ற அறிக்கை கொடுப்பதற்கு அல்ல அது. இந்தக் கிழமை எது உங்களை உலுக்கியது, எந்த வீட்டில் அந்த வாசம் மூக்கில் ஏறியது, எந்த இரவு நித்திரை வரவில்லை என்பதைச் சொல்வதற்கு. பழைய இடங்களுக்குப் போகும்போது உடம்பு பழைய ஞாபகத்தை எடுக்கும். நாலு வருடம் என்பது பெரிய காலம்தான், ஆனால் அது உங்களை இரும்பாக்கிவிடவில்லை. மேற்பார்வைக்கு ஆள் இல்லை என்று நிறுவனம் சொன்னால் அங்கே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

பயிற்சி ஏன் வேண்டும் என்பதற்கு உயிர் சம்பந்தமான காரணம் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தது தூள். உங்களிடம் வரப்போகிறவர்களில் பலர் சாராயம், கசிப்புக் குடிப்பவர்களாகவும் ஐஸ் (மெத்தாம்பெட்டமைன்) பாவிப்பவர்களாகவும் இருப்பார்கள். தூளை நிறுத்தியபோது உடம்பு பட்ட பாடு உங்களுக்கு மறக்காது. வயிற்றோட்டம், உளைவு, குளிர், நித்திரையின்மை. அதைத் தாங்கினீர்கள், பிழைத்தீர்கள். அதே கணக்கை வைத்துக்கொண்டு, வருடக்கணக்கில் தினமும் குடித்த ஒருவரை அறைக்குள் போட்டுப் பூட்டி "பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்றால் அவர் செத்துப்போகலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் கை கால் நடுங்கி, வியர்த்துக்கொட்டி, இல்லாத பூச்சி புழுவைக் கண்டு பிதற்றும் நிலை வரலாம். எங்கள் ஊரில் அதைப் பேய் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கோவிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள். சாமியைக் கும்பிடுவது பிறகு ஆகட்டும். முதலில் 1990க்கு அடித்து அம்பியூலன்ஸைக் கூப்பிட வேண்டும். நெடுநாள் குடிகாரர் நிறுத்துவதென்றால் வைத்தியரிடம் காட்டி, மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

தூளில் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சிறையிலோ நிலையத்திலோ இருந்துவிட்டு வந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்த முதல் கிழமைகளில், "ஒருக்கா மட்டும்" என்று முன்பு எடுத்த அளவையே எடுத்தால் மூச்சு அடங்கிவிடும். விட்டவர்களிடம் இதை முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சொன்னால் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், சொல்லாமல் விட்டுத்தான் பிள்ளைகளைப் பறிகொடுக்கிறோம். ஐஸைப் பொறுத்தவரை, அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை இல்லை. நிறுத்தியதும் நாள்கணக்கில் தூங்குவார்கள், பிறகு மனம் அடியோடு இறங்கும். அந்த நாட்களில் சாவைப் பற்றிக் கதைத்தால் அதை மிரட்டல் என்று ஒதுக்காமல், தனியே விடாமல், 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். போதை சம்பந்தமான ஆலோசனைக்கு 1927. இந்த மூன்று இலக்கங்களும் உங்கள் போனில் இருக்க வேண்டும், அந்தந்த வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும்.

அடுத்தது உங்கள் கதை. அது உங்கள் குடும்பத்தின் கதையும்தான். அம்மாவின் பயத்தைக் குறைத்து நினைக்காதீர்கள். கலியாணப் பேச்சு எங்கள் பக்கத்தில் எப்படிக் குழம்பும் என்று எனக்குத் தெரியும். தமையனின் பழைய பழக்கத்துக்காகத் தங்கையை வேண்டாம் என்பது அநியாயம். ஆனால் அந்த அநியாயத்தோடு மல்லுக்கட்ட உங்கள் தங்கை சம்மதித்தாளா என்று அவளிடம் கேட்க வேண்டும். அவள் "இப்போ வேண்டாம் அண்ணா" என்றால், கலியாணம் முடியும்வரை மேடை, படம், துண்டுப்பிரசுரம் எதுவும் இல்லை என்று நிறுவனத்திடம் எழுதி வாங்குங்கள். இந்த வேலைக்கு ஊரெல்லாம் சொல்லத் தேவையில்லை. உங்கள் முன்னால் இருக்கும் ஒருவர் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று இடிந்துபோய் இருக்கும்போது, "நானும் அந்த மூன்றாம் நாள் இரவைக் கண்டவன்தான்" என்ற ஒரு வசனம் போதும். அதற்கு மேல் சொல்லவேண்டி வந்தால், இது அவருக்காகவா எனக்காகவா என்று ஒரு கணம் யோசியுங்கள். உங்களுக்காக என்றால் அதை மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள்.

பாடசாலைப் பேச்சுக்கு மறுத்துவிடுங்கள். உங்கள் தங்கைக்காக மட்டும் சொல்லவில்லை. போதைத் தடுப்புக்கென்று ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் வெளியிட்ட சர்வதேச நியமங்கள், பாடசாலைகளில் முன்னாள் பாவனையாளர்களைக் கொண்டுவந்து சாட்சி சொல்ல வைப்பது பலனில்லாத அல்லது கெடுதியான முறைகளோடு சேர்ந்தது என்று வெளிப்படையாகச் சொல்கின்றன. "பாவித்துப் பார்த்தார், இப்போ நல்லாத்தானே இருக்கிறார்" என்ற எண்ணத்தோடும் ஒரு பிள்ளை வீட்டுக்குப் போகலாம். நிறுவனத்துக்கு இது தெரியாமல் இருக்கலாம். மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள்.

நெருக்கத்தின் கெடுதிகளில் பொலிஸ் விஷயமும் ஒன்று. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிசின் யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது, பாவிப்பவர் விற்பவர் என்ற பேதம் பார்க்காமல் எத்தனையோ பேர் பிடிபட்டதை நாடே பார்த்தது. பாவிப்பவர்களோடு நிற்கும் உங்களையும் சந்தேகப்படலாம். மறுபக்கம், நீங்கள் பொலிசுக்குத் தகவல் கொடுப்பவர் என்று ஊருக்குள் ஒரு கதை கிளம்பினால் அது இதைவிட மோசம். ஆகவே நிறுவனத்தின் அடையாள அட்டையும், நீங்கள் செய்வது என்ன என்ற கடிதமும் கையில் இல்லாமல் ஒருவர் வீட்டுக்கும் போகாதீர்கள். ஒருவரின் பொட்டலத்தையும், "எறிந்துவிடுங்கள் அண்ணா" என்று தந்தாலும், கையில் வாங்காதீர்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்லாதீர்கள். தன் உயிரை மாய்க்கப் போகிறார், அல்லது ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் மேற்பார்வையாளரிடம் சொல்லியே ஆகவேண்டும்; அதை முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

காசு கொடுக்கக்கூடாது, வீட்டில் தங்க வைக்கக்கூடாது. என்ஜின் வேலைக்குக் கூட ஒரு கை தேவை, அந்தப் பையனையே சேர்த்துக்கொள்ளலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நல்ல மனம்தான், ஆனால் செய்யாதீர்கள். நாளைக்கு அவன் வேலைக்கு வராமல் விட்டால் நீங்கள் முதலாளியாகக் கோபப்படுவீர்களா, ஆதரவாளராகத் தேடிப் போவீர்களா? இரண்டும் ஒரே ஆளால் முடியாது. வேலை தேவை என்றால் வேறொருவரிடம் சேர்த்துவிடுங்கள்.

நீங்களே திரும்ப விழுந்தால் என்ன செய்வது? இதைக் கேட்பது உங்களை நம்பாததால் அல்ல. போதைப் பழக்கத்தில் 40 முதல் 60 வீதமானவர்கள் ஒருதரமாவது திரும்ப விழுகிறார்கள் என்று அமெரிக்க தேசிய போதைப்பொருள் பாவனை நிறுவகம் சொல்கிறது. உயர் இரத்த அழுத்தக்காரர்களும் ஆஸ்துமாக்காரர்களும் மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விட்டு வருத்தம் திரும்புவதோடு அதை ஒப்பிடுகிறது. அப்படி நடந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள், எத்தனை நாள் விடுப்பு, வேலை திரும்பக் கிடைக்குமா என்பதைச் சேரும் நாளிலேயே எழுதி வையுங்கள். எழுதாமல் விட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைப்பீர்கள், மறைப்பதுதான் ஆளைக் கொல்லும். அந்தத் தாளை எழுதும்போது மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும். உங்களில் ஏதாவது மாறினால் முதலில் காண்கிறவர் அவர்தான். மேற்பார்வையாளரின் நம்பர் அவரிடமும் இருக்க வேண்டும். இந்த வேலை வேண்டாம் என்று அவர் ஒருநாள் சொன்னால், அன்றே நிறுத்திவிட்டு இருந்து கதைக்கிறேன் என்ற வாக்கையும் கொடுங்கள். பத்து வருடம் அவரவர் வீட்டுக்குள் அழுத பெண்களுக்கு இந்தச் சேவைகளில் யாரும் கதிரை போடுவதில்லை. அதையும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

சம்பளம். போக்குவரத்துச் செலவுக்கு மட்டும் வேலை செய்யாதீர்கள். மீண்டவர்கள் நன்றிக்கடனாகச் செய்வார்கள் என்று எண்ணுவது வழக்கமாகிவிட்டது. அதிகாரிக்குச் சம்பளம், வாகன ஓட்டுநருக்குச் சம்பளம், இரவும் பகலும் ஒழுங்கைக்குள் நிற்பவருக்கு மட்டும் பஸ் காசா? கிழமைக்கு இரண்டு மூன்று நாள் என்று தொடங்குங்கள். என்ஜின் வேலையை விடாதீர்கள்; இப்படியான திட்டங்கள் நிதி முடிந்ததும் நின்றுவிடும். பயிற்சிக்கு, கொழும்புத் திட்டம் என்ற பல நாடுகளின் கூட்டமைப்பினுடைய போதைப்பொருள் ஆலோசனைப் பிரிவு 1973இலிருந்து இந்தத் துறையில் இயங்குகிறது. போதைச் சிகிச்சை ஊழியர்களுக்கான பாடத்திட்டங்களும் வைத்திருக்கிறது. அவர்களிடமும் மேலே சொன்ன சபையிடமும் தமிழில் பயிற்சி கேட்டு நிறுவனம் கடிதம் எழுதட்டும். எழுதுவது அவர்களின் பொறுப்பு, உங்களுடையது அல்ல.

கடைசியாக உங்கள் கூட்டாளி. அவரை நீங்கள் பொறுப்பெடுக்கக்கூடாது, வேலையில் சேர்ந்த பிறகும்கூட. இருவரும் ஒன்றாகக் கிடந்தவர்கள். அவர் ஒரு பக்கம் இழுத்தால் நீங்கள் எந்தப் பக்கம் நிற்பீர்கள் என்பதை உங்கள் மகிழ்ச்சியான ஒரு நாளை வைத்துக் கணிக்க முடியாது. ஆனால் அவர் வாசலுக்கு வருவது வெறும் காசுக்கு என்றும் நான் நினைக்கவில்லை. உங்களைப் பார்த்துத்தான் வருகிறார், விட முடியும் என்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அடுத்தமுறை வந்தால் வாசலில் நின்றே, மனைவிக்கும் கேட்கிற குரலில் சொல்லுங்கள்: "மச்சான், காசு தரமாட்டன். இரவில வராத. விடுறதெண்டால் காலமை ஏழரைக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வா, நானும் வாறன், உன்னை அங்க ஆளிட்ட ஒப்படைக்கிறன்." சொன்னபடி போங்கள். அவர் வராவிட்டால் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு வேலைக்குப் போய்விடுங்கள். திரும்பவும் கேட்டால் திரும்பவும் அதையே சொல்லுங்கள், அதே நேரம், அதே வாசல். வந்தால் மனநலப் பிரிவில் பதிந்து, அங்குள்ள உத்தியோகத்தர் ஒருவரின் பெயரை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நில்லுங்கள்.

நிறுவனம் எழுத்தில் என்ன தந்தது என்று எனக்கு அனுப்புங்கள். கையெழுத்து வைக்கும் முன் ஒருதரம் சேர்ந்து வாசிப்போம்.

அன்புடன்,
அக்கா